ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கருஞ்சிட்டு

இங்கிலீஷ் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் ராபின் என்று ஒரு குருவிப் படம் இருக்கும். நெஞ்செல்லாம் சிவப்பு, சுற்றிலும் பனி. நம்ம ஊர் ராபினை யாரும் அப்படிப் படம் போட்டு வைக்கவில்லை. ஆண் கன்னங்கரேல் என்று இருக்கும், தோளில் ஒரு வெள்ளைக் கீற்று. சிவப்பு இதற்கும் உண்டு, ஆனால் வாலுக்கு அடியில். அதைக் காட்டத்தானோ என்னவோ எந்நேரமும் வாலைத் தூக்கிக்கொண்டே திரியும். கருஞ்சிட்டு என்போம். மனுசர் நடமாட்டத்துக்கு அது அவ்வளவாகப் பயப்படாது. மலைச்சாமி முப்பத்தாறு வயது வரை அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. பிறகு எண்பத்தேழாம் வருஷக் கோடையில் பத்தொன்பது நாள் அதைத் தவிர வேறெதையும் அவன் சரியாகப் பார்க்கவில்லை.

மலைச்சாமிக்குச் சொந்த ஊர் கான்சாபுரம். எட்டாம் வகுப்பில் பெயிலானதும் அவன் அப்பா ராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் கொண்டுபோய் விட்டார். பதிமூன்று வருஷம் அங்கே செம்புக்கம்பி சுற்றினான். மில்லுகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் கருகிப்போன மோட்டார்கள் வந்து இறங்கும். மோந்து பார்த்தே எது போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். கரண்டைக் கண்டு அவனுக்குப் பயம் கிடையாது, கொஞ்சம் திமிர்கூட உண்டு. "அது நம்ம வீட்டு மாடு மாதிரிலே. பிடிக்கிற எடத்துல பிடிச்சா பேசாம நிக்கும்" என்பான். பட்டறைக்காரரின் பிள்ளைகள் தலையெடுத்ததும் அங்கே இவனுக்கு வேலை இல்லாமல் போனது. ராஜபாளையத்தில் இரும்புக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கம் அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த தன் தென்னந்தோப்புக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். காவலுக்கும் தண்ணீர் பாய்ச்சவும் மோட்டார் பார்க்கவும் ஒரே ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

அவன் மனைவி பாலம்மாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், மடியில் பிள்ளை இல்லை. உண்டாகாமலும் இல்லை. ஒன்று நாலாம் மாதத்தில் கலைந்தது. இன்னொன்று ஏழாம் மாதத்தில், கை கால் விரலெல்லாம் வந்த பிறகு, செத்தே பிறந்தது. அந்த ஏழாம் மாதத்தில்தான் மலைச்சாமி மோட்டார் ரூமுக்குள் ஒரு சாரைப்பாம்பை அடித்திருந்தான். புள்ளத்தாய்ச்சி இருக்கிற வீட்டு ஆம்பளை பாம்பை அடிக்க மாட்டான், புற்றை இடிக்க மாட்டான், கூட்டைக் கலைக்க மாட்டான். இது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். காலுக்குள் வந்துவிட்டதே என்று கம்பை எடுத்துவிட்டான். பாலம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அந்த வருஷம் தை மாதம் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். விஷயம் தெரிந்ததும் முதலில் ஓடி வந்தவர் அவளுடைய அண்ணன் பேச்சிமுத்து. சுற்றுவட்டாரத் தோப்புகளில் கிணற்றுக்குள் இறங்கி பம்பு பார்க்கிற ஆள். கை சுத்தம், வேலை சுத்தம், சாயங்காலமானால் மட்டும் சாராயம். அவருடைய மனைவி சீனியம்மாள் அழுது பார்த்தாள், அடித்தும் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. தங்கச்சிக்கு இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று அவராகவே கோயில் வாசலில் சூடத்தை அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்தார். "மாப்ள, இனி ஒரு சொட்டு கிடையாது. குடிச்சேன்னா எம் பேரை எவனும் சொல்ல வேணாம்" என்றார். ஊரில் யாரும் நம்பவில்லை. ரெண்டு மாசம், மூணு மாசம் போனது, மனுசர் தொடவே இல்லை. சீனியம்மாள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

பங்குனியில் தோப்பு மோட்டார் கருகியது. மலைச்சாமி அதை ராஜபாளையம் கொண்டுபோனான். கோடையல்லவா, பட்டறை வாசல் முழுக்க மோட்டார்கள் படுத்துக்கிடந்தன. பழைய பழக்கம் என்றும் பாராமல் பதினொரு நாள் இழுத்தடித்தார்கள். திரும்பி வந்து கிணற்றுக்குள் திட்டில் மோட்டாரைப் பூட்டி, பம்போடு சேர்த்து, மேலே ரூமுக்கு வந்து ஸ்டார்ட்டரைப் பார்த்தான். அது பழைய இரும்புப் பெட்டி, மூடி பாதி உடைந்து தொங்கும். உள்ளே தேங்காய் நார், பஞ்சு, ஆட்டு மயிர், ஒரு துண்டு பாம்புச்சட்டை எல்லாம் வைத்துக் கிண்ணம் மாதிரி ஒரு கூடு. அதற்குள் வெளிர்நிறத்தில் பழுப்புப் புள்ளி போட்ட மூன்று முட்டை. பெட்டைக் குருவி, சாம்பலும் பழுப்புமாக, ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தது.

எடுத்து வெளியே வைக்க ஒரு நிமிஷம் ஆகாது. கை அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னான். பாலம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தொட்டீகளா?"

"தொடல."

"தொடாதீக. சாமியாத்தான் பாத்து அங்கன கொண்டாந்து வச்சிருக்கு. அது பொரிச்சுப் பறக்கட்டும். எனக்கும் நல்லபடியா ஆகும்." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "எம்புட்டு நாளாகும்?"

"தெரியல. ஒரு மாசத்துக்குள்ள பறந்துரும்."

ஒரு மாசம் தண்ணீர் இல்லாமல் தென்னை தாங்காது. அண்ணாச்சியிடம் குருவிக்கூடு என்று சொன்னால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார். மலைச்சாமி யோசிக்கவே இல்லை, அவனுக்குத் தெரிந்த வேலைதானே. மெயின் சுவிட்சிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகிற மூன்று ஒயரையும் கழற்றி, மோட்டாருக்குப் போகிற ஒயரோடு நேரே முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டான். டைரக்ட். மெயின் சுவிட்சைத் தூக்கினால் மோட்டார் ஓடும், இறக்கினால் நிற்கும். கூட்டில் ஒரு நார் கலையவில்லை.

இதில் ஒரே ஒரு வித்தியாசம்தான். ஸ்டார்ட்டர் இருந்தால், கரண்ட் போனதும் மோட்டார் செத்த மாதிரி. கரண்ட் திரும்பி வந்தாலும் ஓடாது, யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். டைரக்டில் அப்படி இல்லை. கரண்ட் வந்த நொடியில் அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடும். மலைச்சாமிக்கு இது தெரியாதா? பதிமூன்று வருஷம் கம்பி சுற்றியவன். ராத்திரி கரண்ட் வந்தால் எழுந்து போக வேண்டாம், நல்லதாப் போச்சு என்றுகூட நினைத்தான். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பிறகு அவனுக்கு அந்தக் குருவிகள்தான் உலகம். அடை காக்கிறது பெட்டை மட்டும். ஆண் கிட்டவே உட்காராது. வரப்பில் நட்ட கல்தூணில் நின்றுகொண்டு விசில் அடிக்கும், வேறு கருஞ்சிட்டு எதுவும் எல்லைக்குள் வந்தால் விரட்டி விரட்டிக் கொத்தும். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்தார். ஆண்குருவி ஸ்கூட்டர் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று நினைத்து, அரை மணி நேரம் அதோடு சண்டை போட்டது. கண்ணாடி முழுக்க எச்சம். "ஏலே, இந்தச் சனியனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று அண்ணாச்சி துண்டைச் சுழற்றினார். மலைச்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியில் ஒரு சாக்கைப் போட்டு மூடினான்.

பத்தாம் நாள் பொரித்தது. மூன்றும். உடம்பில் மயிரில்லாத செக்கச் செவேல் குஞ்சுகள், கண் திறக்காமல் வாயை மட்டும் திறந்தன. அன்று அவன் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினான். "மூணும் பொரிச்சுருச்சு பாலம்மா!" அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஆணுக்கும் ஓய்வில்லை. ரெண்டும் மாறி மாறி இரை கொண்டுவந்தன. தண்ணீர் பாய்ந்த ஈரத்தில் தத்தித் தத்திப் போய்ப் பச்சைப் புழுவைப் பொறுக்கும். தென்னையடியில் ஏறுகிற கரையானைக் கொத்தும், வெட்டுக்கிளியைத் தரையில் அடித்துக் காலை உதிர்த்துவிட்டு எடுத்து வரும். தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பிப் போகும்போது குஞ்சுகளின் எச்சத்தை, வெள்ளைப் பொட்டலம் மாதிரி இருக்கும், அலகில் கவ்வித் தூரப் போய்ப் போடும். மலைச்சாமி ஒவ்வொரு சாயங்காலமும் இதையெல்லாம் பாலம்மாளிடம் ஒப்பித்தான். அவளும் கதை கேட்கிற மாதிரி கேட்டாள். ஐந்து மாதம் முடியப் போகிறது, வயிற்றில் அசைவு நன்றாக இருந்தது.

சித்திரை கடைசி வாரம் பம்பில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. சுழலும் தண்டில் தண்ணீர் கசியாமல் இருக்கச் சுற்றிய கயிறு நைந்திருந்தது. மலைச்சாமிதான் மச்சானுக்குச் சொல்லி அனுப்பினான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. போனால் பன்னிரண்டுக்குத்தான் வரும். பத்தரைக்குப் பேச்சிமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரு செம்பு மோர் குடித்தார், தங்கச்சியை விசாரித்தார்.

"கரண்ட் இல்லாத நேரமாப் பாத்து வந்துட்டேன் மாப்ள. நீ போய் வாய்க்கால வெட்டிவிடு. நான் கயிற மாத்திட்டுக் கூப்பிடுதேன்" என்றார்.

"சரி மச்சான்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான் மலைச்சாமி. மெயின் சுவிட்ச் தூக்கினபடியே இருந்தது. இருபது வருஷமாகக் கிணற்றில் இறங்குகிற மனுசர் பேச்சிமுத்து. ஸ்டார்ட்டர் இருக்கிற மோட்டாருக்கு யாரும் மெயினை இறக்கிவிட்டு இறங்குவதில்லை, அவரும் இறக்கவில்லை. மலைச்சாமிக்கு ஏன் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை? ஆண்குருவி ஒரு வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு அவனுக்கு முன்னால் வாய்க்கால் ஓரமாகத் தத்திப் போனது. அதைப் பார்த்தபடியே அவனும் போனான். இதுதான் காரணம், வேறு காரணம் கிடையாது.

தோப்பின் கடைசியில் காற்றுக்கு மட்டையெல்லாம் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குனிந்து மண்ணை வெட்டிக்கொண்டிருந்தவனின் காலில் ஈரம் பட்டது. பார்த்தான், வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மச்சான் அதற்குள் வேலையை முடித்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டான். அடுத்த நொடி, கரண்ட் முன்னாடியே வந்துவிட்டது, மோட்டார் டைரக்டில் இருக்கிறது என்று உறைத்தது. மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடினான்.

பேச்சிமுத்து தோளில் துண்டு போட்டுக்கொண்டுதான் எந்த வேலையும் செய்வார். குனிந்து தண்டில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தபோது மோட்டார் எழுந்திருக்கிறது. துண்டைப் பிடித்து இழுத்து, துண்டோடு கழுத்தையும் இழுத்திருக்கிறது. மலைச்சாமி மெயினை அறைந்து இறக்கிவிட்டுப் படியில் உருண்டு விழுந்து இறங்கினான். தொட்டுப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. "மச்சான், மச்சான்" என்று ரெண்டு தடவை கூப்பிட்டான். பம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மேலே ஏறி வந்து ஊரைக் கூப்பிட வேண்டும். அதற்குத்தான் ஏறினான். ஏறினவன் கண்ணில் கறுப்பு டேப் சுற்றிய மூன்று முடிச்சும் பட்டன. போலீஸ் வரும். கரண்ட் ஆபீஸ்காரர்கள் வருவார்கள். ஸ்டார்ட்டரை ஒதுக்கிவிட்டு எவன் டைரக்ட் கொடுத்தது என்று ஒரே கேள்வி கேட்பார்கள். ஜெயில். பாலம்மாளுக்கு அண்ணனும் போய், புருசனும் போய், வயிற்றில் இருக்கிறதும்... அவன் முழுதாக யோசித்து முடிக்கவில்லை. கை அதற்குள் பெட்டிக்குள் போய்விட்டது.

ஒன்பது நாள் குஞ்சுகள். இறகு முளைத்து, கண் திறந்து, இன்னும் நாலு நாளில் பறக்க வேண்டியவை. இரைதான் வருகிறது என்று மூன்றும் அவனைப் பார்த்து வாயைத் திறந்தன. கூட்டோடு சேர்த்து அள்ளி வேலியோரத்தில் முள் அடர்ந்த ஒரு சங்கஞ்செடிக்குள் திணித்தான். திணித்த வேகத்தில் கூடு பிய்ந்தது. ஆணும் பெட்டையும் அவன் தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறந்தன. திரும்பிப் பார்க்காமல் வந்து டேப்பைப் பிய்த்தான், ஒயரை ஸ்டார்ட்டரில் பழையபடி மாட்டினான், திருகு ஆணிகளை முறுக்கினான். ஐந்து நிமிஷம். கை ஒரு ஆணியைக்கூடத் தவறவிடவில்லை, அந்தக் கையை நினைத்து அவன் பிற்பாடு பல ராத்திரி தூங்காமல் கிடந்தான். எல்லாம் முடித்த பிறகுதான் வெளியே வந்து அலறினான்.

அந்த அலறல் பொய்யில்லை.

கரண்ட் ஆபீஸிலிருந்து வந்தவர் ஸ்டார்ட்டரை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "யாரும் அமுக்காம மோட்டார் ஓடாதே. நீ அமுக்கினியா?" என்று கேட்டார் போலீஸ்காரர். "நான் கடைசி வரப்புல இருந்தேன் சார். கரண்ட் வந்ததும் அவரே வந்து போட்டுப் பாத்துட்டு, ஓடும்போதே எறங்கிட்டாரு போல" என்றான் மலைச்சாமி. புத்தியுள்ள எவனும் ஓடுகிற தண்டில் கயிறு சுற்ற மாட்டான். கூட்டத்தில் யாரோ, "குடிச்சிருப்பான், வேறென்ன?" என்றார்கள். அண்ணாச்சியும் தலையை ஆட்டி, "அப்படித்தான் இருக்கும்" என்றார். மலைச்சாமி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அறுத்துப் பார்த்த டாக்டர் கழுத்தைப் பற்றி எழுதினார். வயிற்றில் சாராயம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே முடிவாகிவிட்டது: சத்தியத்தை மீறிக் குடித்தான், சாமி விடவில்லை.

மறுநாள் விடிந்ததும் சங்கஞ்செடியைப் போய்ப் பார்த்தான். குஞ்சுகளை எறும்பு மொய்த்திருந்தது. பெட்டை ஒரு புழுவைக் கவ்வியபடி மோட்டார் ரூம் ஜன்னலுக்கும் வேலிக்குமாகப் பறந்துகொண்டிருந்தது.

பாலம்மாள் அண்ணனுக்காக அழுது ஓய்ந்த மூன்றாம் நாள், சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டாள். "அந்தக் குருவிக என்னாச்சு?"

"பறந்துருச்சு" என்றான்.

"மூணுமா?"

"மூணும்."

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவன் எப்படி இருந்தான் என்று யார் கேட்டாலும் அவனால் சொல்ல முடியாது. அவள் லேசாக முனகினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஏழாம் மாதத்தில் அவள் பக்கத்தில் போகவே பயந்தான், தன் கை பட்டால் கலைந்துவிடும் என்று. தன்னை எடுத்துக்கொண்டு பிள்ளையை விட்டுவிடும்படி தெரிந்த சாமியிடமெல்லாம் கேட்டான்.

ஆவணி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, மூன்று கிலோ, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுகை. மலைச்சாமி உள்ளே போனபோது சீனியம்மாள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெறுங்கழுத்து, வெறும் நெற்றி. நாத்தனாருக்குப் பிள்ளை என்றதும் மற்றதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதல் ஆளாக வந்து, ரெண்டு ராத்திரி கண் விழித்தவள் அவள்தான்.

பாலம்மாள் பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். "வாங்குங்க. ஒரு கூட்டைக் கலைக்காத கையி. அதுக்குத்தான் சாமி இதைக் குடுத்துருக்கு" என்றாள். பிறகு சீனியம்மாளைப் பார்த்து, "மதினி, பேரு நான் யோசிச்சுட்டேன். எங்க அண்ணன் பேருதான். பேச்சிமுத்து" என்றாள்.

சீனியம்மாள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மலைச்சாமியிடம் திரும்பினாள்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை கேக்கேன். நாலு மாசமாக் கேக்கணும்னு இருந்தேன். ஊரு என்னமும் பேசட்டும். அன்னைக்கு அவியளக் கடைசியாப் பாத்தது நீங்கதான். பிள்ளையக் கையில வச்சிருக்கீக, பொய் சொல்ல மாட்டீக. அவிய மேல வாடை அடிச்சுச்சா?"

பாலம்மாளும் அவனைப் பார்த்தாள். அன்று அந்த மனுசர் வாயில் அடித்தது மோர் வாசனை. அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும். மீதியைச் சொன்னால் பாலம்மாள் இந்தப் பிள்ளையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிள்ளை அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. மச்சான் குடித்திருந்தார் என்று இத்தனை நாள் அவன் வாயைத் திறந்து சொன்னதில்லை, ஊர்தான் சொன்னது.

"அடிச்சுச்சு தாயி" என்றான்.

சீனியம்மாள் அழவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சூடத்த அடிச்சுச் சத்தியம் பண்ணாக பாலம்மா. குடிச்சா எம் பேரை எவனும் சொல்ல வேணாம்னு அவிய வாயாலதான சொன்னாக. அந்தப் பேரு இந்தப் பிள்ளைக்கு வேணாம். வேற பேரு வையி" என்றாள்.

பாலம்மாள் சரி என்று தலையாட்டினாள்.

பிள்ளைக்கு ஐயாதுரை என்று பேர் வைத்தார்கள்.